எத்தனை சாதிக்கு மணப்பெண்ணாக இருந்தேன்

போன மாதம் ஒரு கல்லூரி வாசகர் வட்டத்தில் பேசி முடித்துவிட்டு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாமாண்டு படிக்கும் ஒரு தங்கை பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, நீங்க முன்னாடி மாடலிங் பண்ணீங்களாமே, எப்படிக்கா உள்ள போனீங்க? எனக்கும் ஆசையா இருக்கு. இவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க" என்றாள். "இவங்க" என்று அவள் கண்ணால் காட்டியது, கூட்டம் நடத்திய நம் தோழர்களை.

அவள் பயத்தில் தப்பில்லை. நானே இத்தனை வருடமாக இதை எங்கும் எழுதவில்லை. 2015 முதல் 2018 வரை என் கைச்செலவையும் தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்தையும் கொடுத்த வேலை அது. செங்கல் சூளையில் வேலை பார்த்ததை மேடையில் சொல்ல நமக்குக் கூச்சமில்லை. கேமரா முன்னால் நின்றதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அன்று பஸ் ஸ்டாப்பில் அவளிடம் பாதியில் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. பி.காம் படிக்கச் சென்னை வந்து ஆதி திராவிடர் நல விடுதியில் தங்கினேன். முதல் வருடக் கல்ச்சுரல்ஸில் ஃபேஷன் ஷோவில் நடக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். நான் ஐந்தடி ஆறு அங்குலம். அந்த ஒரே தகுதிக்காக என்னை இழுத்து நிறுத்தினார்கள். யாரோ எடுத்த போட்டோ ஃபேஸ்புக்கில் போனது. ஒரே வாரத்தில் ஒரு போட்டோகிராபர் எழுதினார்: உங்களுக்கு நல்ல ஃபேஸ், முதலில் ஒரு போர்ட்ஃபோலியோ செய்ய வேண்டும், 35,000 ரூபாய். அப்பா அப்போது கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தார், நாள் கூலி 450. வகுத்துப் பார்த்தேன். 78 நாள். அவருக்குப் பதிலே எழுதவில்லை.

மாடலிங் என்றதும் நீங்கள் நினைப்பது ராம்ப். சென்னையில் ராம்ப்பை நம்பி யாரும் அரிசி வாங்க முடியாது. பெரிய பட்டுக்கடைக்கும் நகைக்கடைக்கும் சினிமா நடிகைகள் வந்து நிற்பார்கள், நடிகை இல்லையென்றால் மும்பையிலிருந்து ஆள் வரும். உள்ளூர்ப் பெண்ணுக்கு மிஞ்சுவது ஆன்லைன் சேலைக்காரர்களின் கேட்டலாக், சின்னச் சின்ன பொட்டிக், நைட்டி பாக்கெட்டின் மேலட்டை. அப்புறம் மேக்கப் வகுப்பு. இந்தக் கடைசி வாசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கையில் காசில்லாமல் நான் நுழைய முடிந்த வாசல் அது ஒன்றுதான்.

மணப்பெண் அலங்காரம் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு ஒரு முகம் வேண்டும். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை நாலு மணிவரை அசையக் கூடாது. சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடி, ஜடைப்பூ, நெத்திச்சுட்டி, சூரியப் பிறை சந்திரப் பிறை, ஒட்டியாணம் எல்லாம் ஏற்றி, நாற்பது ஐம்பது சேஃப்டி பின் குத்தி, கடைசியில் போட்டோ. எனக்கு முதலில் கிடைத்தது நாளுக்கு 600 ரூபாயும் இரண்டு படமும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த முதல் அழைப்பில் "டஸ்கி ஸ்கின் மாடல் தேவை" என்று இருந்தது. மற்ற எல்லா அழைப்புகளிலும் "ஃபேர்" என்று பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். நம் நிறத்தைக் கேட்டு ஒருவர் கூப்பிடுகிறாரே என்று சந்தோஷமாகப் போனேன். போன பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது 'முன்', 'பின்' என்று இரண்டு படம். நான் 'முன்' படத்துக்கு. என் முகத்தைக் காட்டி அந்த மேடம் மைக்கில் சொன்னார்: "இந்த ஸ்கின்ல செய்ய முடிஞ்சா நீங்க எந்த ஸ்கின்லயும் செய்யலாம்." முப்பது பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். முகத்தில் என் நிறத்தைவிட மூன்று ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷன். முகம் வெளுத்தால் கழுத்து காட்டிக்கொடுக்குமே, அதனால் கழுத்து, காதின் பின்புறம், முழங்கைவரை கை, மருதாணி வைத்த விரல் இடுக்கு. ராத்திரி விடுதியில் வந்து கழுவும்போது அறைத்தோழி எட்டிப் பார்த்து, "உன் மூஞ்சி வாளியில கெடக்குடி" என்பாள்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. கருத்த நிறத்தைத் தாழ்வாகவோ வாழ்க்கையில் தோற்றதாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014லேயே நிறக் கிரீம் விளம்பரங்களுக்கு நெறிமுறை போட்டது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. ட்யூபில் இருந்த வார்த்தைதான் மாறியது. வாடகை ஹாலில் நடக்கும் மேக்கப் வகுப்பில் யார் போய் நெறிமுறையைப் படித்துக் காட்டுவது?

அந்த 'முன்-பின்' ஆசை நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. 2022இல் கோழிக்கோடு பக்கத்துக் கூலித் தொழிலாளி மம்மிக்கா கோட்டு சூட்டு போட்டு மாடலாக நின்ற படம் நாடெங்கும் சுற்றியது. அழகான படம், நானும் பகிர்ந்தேன். லுங்கியோடு நிற்கும் பழைய படத்தைப் பக்கத்தில் ஒட்டாமல் அதைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். சத்தீஸ்கரின் ஜஷ்பூர் பகுதியிலிருந்து வந்த ரெனி குஜூர் நிறத்துக்காகத் திரும்பத் திரும்ப ஒதுக்கப்பட்டவர். ரிஹானா மாதிரி இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு வேலை வரத் தொடங்கியது. கறுப்பழகைப் பார்க்க நமக்கு வெளிநாட்டுக் கண்ணாடி தேவைப்பட்டது.

ஆனால் நிறத்தைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது வகுப்பின் அட்டவணை. திங்கள் ஐயர் பிரைடல், செவ்வாய் ஐயங்கார், புதன் செட்டிநாடு, வியாழன் கொங்கு, வெள்ளி நாடார். அடுத்த வாரம் ரெட்டி, நாயுடு, முதலியார், கிறிஸ்டியன், நிக்காஹ். ஐயர் மடிசாருக்குத் தலைப்பு வலது தோள், ஐயங்காருக்கு இடது தோள், மாற்றிப் போட்டால் மேடம் எல்லார் முன்னாலும் திட்டுவார். எந்தச் சாதித் தாலிக்கு என்ன வடிவம், எந்த மாலை முதலில், எது மேலே என்று அவர்களுக்கு அத்துப்படி. சாதியெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் நண்பர்களை ஒருநாள் அந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். கட்டணம் கட்டி, நோட்டுப் போட்டு, படம் வரைந்து சாதி படித்தார்கள்.

இரண்டு வருடத்தில் ஏறக்குறைய எல்லாச் சாதிக்கும் மணப்பெண்ணாக உட்கார்ந்தாயிற்று. ஒருநாள் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "மேடம், எஸ்.சி. பிரைடல்னு தனியா எதுவும் இருக்கா?"

அவர் கோபப்படவில்லை. கெட்ட மனுஷியும் இல்லை, மதியம் தன் சாப்பாட்டிலிருந்து எனக்கு எடுத்து வைப்பவர். "அவங்களுக்குன்னு தனி லுக் கிடையாதும்மா, ஜெனரல்தான். அவங்க மேக்கப்புக்கு அவ்ளோ செலவும் பண்ண மாட்டாங்க" என்றார். பிறகு பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, "ஏன் கேக்குற? நீ என்ன ஆளுங்க?"

மேக்கப் நாற்காலியில் இந்தக் கேள்வி வந்தால் தலையைத் திருப்ப முடியாது. உன் தாடை அவர்கள் கையில் இருக்கும். கண்ணை மூடச் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்பும் பலர் கேட்டிருக்கிறார்கள், எந்த ஊர், ஊருக்குள்ளயா, எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று சுற்றி வளைத்து. இவர்தான் நேராகக் கேட்டவர். நான் சொன்ன பதிலை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "ஜெனரல்தான் மேடம்" என்றேன்.

அடுத்த மாதம் நாடு முழுக்க 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனது. எனக்கு வரவேண்டிய பாக்கி 4,000. நான்கு மாதமாக இழுத்தவர்கள் அன்றைக்கு ஓடி வந்து எட்டுப் பழைய நோட்டை நீட்டினார்கள். அதற்கும் வரிசையில் நின்றேன்.

2017 தை மாதம். எங்கள் வட்டாரத்தில் நிலம், கடை, பஞ்சாயத்து எல்லாம் எந்தச் சாதியின் கையில் இருக்கிறதோ, அந்தச் சாதியின் மணப்பெண்ணாக என்னை அலங்கரித்த படத்தை, சாதிப் பெயரோடு ஹாஷ்டேக் போட்டு அந்த வகுப்புக்காரர்கள் இன்ஸ்டாகிராமில் ஏற்றினார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான். இரவோடு இரவாக வாட்ஸ்அப்பில் சுற்றியது. காலனிப் பொண்ணுக்கு நம்ம வீட்டுத் தாலி கேக்குதா என்பதுதான் அதில் இருந்தவற்றிலேயே எழுதக்கூடிய வரி.

காலையில் அப்பாவை டீக்கடைக்கு வரச் சொன்னார்கள். அவர் வயதில் பாதி இருக்கும் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அப்பா நின்றுகொண்டே போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அப்பா எனக்குப் போன் செய்தபோது திட்டவில்லை. "அத எடுக்கச் சொல்லும்மா, எடுத்துட்டு நீ கொஞ்ச நாளு ஊருக்கு வராத" என்றார்.

வகுப்புக்காரர்களிடம் கெஞ்சினேன். "லைக்ஸ் நல்லா வந்திருக்கே" என்றார்கள். காரணத்தைச் சொன்னால் 'ஜெனரல்' பொய்யும் உடையும். உடைத்துத்தான் சொன்னேன். அரைமணி நேரத்தில் படம் போய்விட்டது. அதன்பின் அந்த இடத்திலிருந்து அழைப்பும் வரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்று விடுதி அக்கா ஒருவர் சொன்னார். அப்பா ஒரே வரியில் முடித்தார்: "கேஸு போட்டா உன் போட்டோதாம்மா முன்னாடி போயி நிக்கும்." கொடுக்கவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது மற்றவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அது ஞாபகம் வரும்.

அவர்களுக்கு ஏன் அத்தனை கோபம்? படத்தில் நான் மோசமாக இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். சேலை கட்டி நகை போட்டு உட்கார்ந்தால் யார் வேண்டுமானாலும் அந்தச் சாதி மணப்பெண் ஆகிவிடலாம் என்றால், அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருப்பது வெறும் வாடகை செட் என்று ஆகிவிடும்.

இது புதிய கோபமும் அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே. எச். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு மேக்கப் வகுப்பின் பொருள் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. நகை, பட்டு, ரவிக்கை, பூ, மஞ்சள். ஒரு மணப்பெண் அலங்காரத்துக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தடுத்திருக்கிறார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1927இல் மகத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் பாபாசாகேப் பேசியதும் உடையைப் பற்றித்தான். தீண்டத்தகாதவள் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும் கட்டையும் கனத்த வெள்ளி நகைகளையும் விடுங்கள், மற்றவர்கள் உடுத்துவதுபோல் உடுத்துங்கள் என்றார். உடுப்பை அற்பம் என்று ஒதுக்கும் தோழர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இனி அந்தத் தங்கை கேட்டதற்கு வருகிறேன். உள்ளே போவது எப்படி?

போர்ட்ஃபோலியோவுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதே. ஏஜென்சிகள் முதலில் பார்க்க விரும்புவது மேக்கப் இல்லாத படம். வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், உடம்போடு ஒட்டிய கறுப்பு டி-ஷர்ட், ஜீன்ஸ், முடியைக் கட்டிக்கொண்டு நேராக, பக்கவாட்டில், முழு உயரத்தில், போன் கேமராவில் எடுத்தாலே போதும். ஃபில்டர் போடாதே, உன் நிறத்தை நீயே மாற்றி அனுப்பாதே. ராம்ப் ஆசை இருந்தால் ஐந்தடி எட்டாவது எதிர்பார்ப்பார்கள், கேட்டலாக்குக்கு அந்தக் கணக்கில்லை. சேர்க்கைக் கட்டணம், ரெஜிஸ்ட்ரேஷன், க்ரூமிங் கோர்ஸ் என்று முன்பணம் கேட்பவர் உனக்கு வேலை தருபவர் அல்ல, உன்னிடம் வியாபாரம் செய்பவர். நல்ல ஏஜென்சி உனக்கு வரும் சம்பளத்தில் கமிஷன் எடுக்கும், அதோடு சரி. அழகிப் போட்டிகளுக்கும் இதையே பார். நுழைவுக் கட்டணமும் கவுனும் ஹோட்டலும் உன் தலையில் என்றால் அந்தக் கிரீடத்துக்கு விலை போட்டுப் பார்.

எதை, எங்கே, எவ்வளவு நாள் பயன்படுத்துவார்கள் என்று எழுதி வாங்கு. வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டலாக்குக்கு என்று 1,500 கொடுத்து எடுத்த என் படம் ஒன்று ஆறு மாதம் கழித்து ஒரு டவுன் பஸ்ஸின் முதுகில் போனது. நான் பின்னாலேயே இன்னொரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நீ காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு நீ உரிமையாளர். 'கொலாப்' என்று இலவசமாக எடுத்தால் எடுத்தவர் உரிமையாளர். அகாடமி காசு கொடுத்திருந்தால் அகாடமி. இது தெரியாததால்தான் 2017இல் எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஹாஷ்டேக்கையும் முன்பே கேட்டுக்கொள், என் விஷயத்தில் வினை வந்தது அதனால்தான்.

முதல் தடவை போகும் இடத்துக்கு ஒரு தோழியைக் கூட்டிப்போ. கூடாது என்கிறவரிடம் போகாதே. தொட்டால், நடுராத்திரி செய்தி அனுப்பினால், 'அட்ஜஸ்ட்' என்று பேசினால், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சின்ன ஸ்டுடியோவாக இருந்தாலும் 2013 சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் மனு கொடுக்கலாம். படிப்பை விடாதே என்று சொல்ல மாட்டேன், உன் அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

2017 கடைசியில் சென்னையில் கடவுள்களைக் கறுப்பு நிறத்தில் காட்டிய 'டார்க் இஸ் டிவைன்' போட்டோத் தொடர் பேசப்பட்டது. அதன்பின் என் போன் கொஞ்சம் அதிகமாக அடித்தது. கறுப்பு ஒரு தீம் ஆகியிருந்தது. தீம் ஷூட்டுக்குக் கறுப்பு, சேலை விற்க வெளுப்பு. அதையும் செய்தேன், காசு வந்தது.

அந்தச் சமயத்தில் மேக்கப் கற்றுக்கொண்டிருந்த நம் தோழி ஒருத்தி, "நாமே நம்ம பிரைடல் லுக் ஒண்ணு பண்ணுவோம்டி, அட்டவணையில நம்ம பேரும் இருக்கட்டும்" என்றாள். இரண்டு நாள் சண்டை போட்டோம். பதினொன்றாவது சாதியாகப் போய் வரிசையில் நிற்கவா இத்தனையும் என்பது என் கேள்வி. வரிசை எப்படியும் இருக்கிறது, அதில் நீ மட்டும் ஏன் 'ஜெனரல்' என்று ஒளிய வேண்டும் என்பது அவள் கேள்வி. அந்த வார்த்தை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. யதேச்சையாகச் சொன்னாளோ என்னவோ. என்னால் அதற்குமேல் பேச முடியவில்லை.

அம்மாவின் கல்யாணச் சேலையை எடுத்து வந்தேன். திண்டிவனத்தில் எடுத்த அரக்குச் சேலை, பட்டு மாதிரி, பட்டு அல்ல. அம்மாவின் ஆல்பத்தைப் பார்த்தோம். கனகாம்பரம், சாமந்தி மாலை, கழுத்தில் மஞ்சள் கயிறு, காதில் இரவல் தோடு. தோழி என் நிறத்துக்கே ஃபவுண்டேஷன் கலந்தாள், அதற்கு மூன்று பாட்டில் தேவைப்பட்டது. சவுரி இல்லை. எங்கள் தெருவில், பம்பு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுத்தோம். தெருவே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது.

ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பழைய மடிசார் படம், செட்டிநாட்டுப் படம் எல்லாம் காட்டியபோது, "இது யாரூட்டுப் பொண்ணு?" என்று கேட்டவள் அவள். இந்தப் படத்தைப் பார்த்ததும், "உங்கம்மாவ எப்ப எடுத்தது இது?" என்றாள்.

ஏற்றும்போது தலைப்பு என்ன போடுவது என்று மறுபடி சண்டை வந்தது. கடைசியில் 'மணப்பெண்' என்று மட்டும் போட்டாள். 212 லைக். மடிசார் படத்துக்கு 4,000 வந்திருந்தது. கீழே முதல் கமெண்டாக ஒரு பெண் கேட்டிருந்தார்: "நைஸ், இது எந்த கம்யூனிட்டி லுக் சிஸ்?" தோழி பதில் எழுதவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அங்கேயே இருக்கிறது.